உப்பிட்டவள்

முதல் கரண்டியில் ஒன்றுமே இல்லை.
இரண்டாவதிலும்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று
வாய்வரை வந்துவிட்டது.
கல்லாவிலிருந்து மிஸ்டர் நாம் பார்த்துக்கொண்டிருந்தார்.
விழுங்கினேன்.

போன மாதம் அவர் விலாவைப் படம் எடுத்தவள் நான்.
ஹென்னூர் ரோடு ஆஸ்பத்திரியில்
லிஃப்ட் இறங்காத அடித்தளத்தில்
மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க என்று
நாலு மொழியில் சொல்கிற வேலை எனக்கு.
சூப் அண்டாவோடு வழுக்கி விழுந்தவர்
சொன்னதும் பிடித்தார்.
"விடுங்க" சொல்ல நான் மறந்துபோனேன்.
முகம் சிவக்கச் சிவக்க
விடாமலே நின்றார்.

ஏழாவது விலாவில் ஒரு கோடு, முடி கனம்.
திரையை எட்டிப் பார்த்து
"நல்ல எலும்பா?" என்றார்
சந்தையில் விசாரிக்கிற குரலில்.
நல்ல எலும்புதான்.
அப்ப சாப்பிட வாங்க.

கம்மனஹள்ளி. டயர் கடைக்கு மேலே.
இருபத்தேழு வருடமாக அதே பதினாறு படி,
ஏறும்போதே ரப்பர் வாடையை
இன்னொரு வாடை மெல்லத் தள்ளிக்கொண்டு வருகிறது.
ஜன்னலோர மேசைக்கு ஒரு கால் குட்டை,
சோடா மூடி நாலு அடுக்கி
நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.
ஐஸாலிலிருந்து வந்த லால்ருவாட்டி
சிவந்த முள்ளங்கியைக் கத்தரிக்கோலால் நறுக்கியபடி
கன்னடத்தில் சொன்னாள்:
முதல் தண்ணியைக் கொட்டிடணும்
ரத்தம் போகணும் இல்லையா
அப்புறம் பதினெட்டு மணி நேரம்
நான் தூங்குவேன், அது தூங்காது.

என் படங்களில் எலும்பு மட்டும்தான் வெள்ளை.
இங்கே தன் வெள்ளையை முழுக்கத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு
துளை துளையாய்
அண்டாவின் அடியில் கிடக்கிறது.
எங்கள் டாக்டர் பார்த்தால்
கால்சியம் மாத்திரை எழுதியிருப்பார்.

"எருமைதான்," என்றார் மிஸ்டர் நாம், திடீரென்று.
"சிவாஜிநகர் கடை. ரசீது இருக்கு."
நான் கேட்கவே இல்லை.
பக்கத்து மேசையில் யாரும் இல்லை.
கல்லாவைத் திறந்து
ரப்பர் பேண்ட் போட்ட கட்டையும் எடுத்துக் காட்டினார்.

எனக்குத் தெரியும் இது.
டிபன் மூடியைத் திறக்கும் முன்னாலேயே
மட்டன் என்று சொல்லிவிடுகிறவள் நான்.
ஷைலஜா சிஸ்டர் கேட்டதில்லை ஒரு நாளும்.
மோந்து பார்ப்பதுபோல் மூக்கு அசையும், அவ்வளவுதான்.
ஒன்பது வருடமாக மட்டன்.

ரசீதை உள்ளே வைங்க என்றேன்.
எங்க வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இதேதான்,
காரமாக.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு எழுந்து வந்து
மூடியில்லாத ஒரு பீங்கான் கிண்ணத்தை
என் பக்கம் நகர்த்தினார்.
கல்லுப்பு.
"நாங்க போட மாட்டோம். அவங்கவங்க
ஸ்வல்ப ஸ்வல்ப போட்டுக்கணும்."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
என் கிண்ணத்தில் உப்பிட்டவள் நானே
என்றால் யாரை நினைப்பது?
ஒரு சிட்டிகை.
இன்னொரு சிட்டிகை.
வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி.
எங்கேயோ தூரத்தில் நின்றிருந்த மாடு
நாக்குக்கு நடந்து வந்தது.
சோற்றை அப்படியே கவிழ்த்துக்கொண்டேன்.

உங்க பேருக்கு என்ன அர்த்தம்?
"எழுத்துப்படி தெற்கு.
ஆனா அதே சத்தத்தில் இன்னொரு வார்த்தை இருக்கு.
அந்நியன். வேற்றாள்."
எங்க பாஷையில் நாம் என்றால்
நீங்களும் நானும், சேர்த்து.

சிரித்தார்.
சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டார்.
இன்னும் வலிக்குதா?
மழை வந்தால் மட்டும் என்றார்,
ஜன்னலுக்கு வெளியே
டயர்களின் மேல் விழத் தொடங்கியதைப் பார்த்தபடி.

மூச்சை இழுங்க.
பிடிங்க.
விடுங்க.